கழற்றிக் கற்ற மேதை கோவை ஜி.டி.நாயுடு

கவிஞர்களும் தமிழன்பர்களும் கூடிப் பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலரில், பட்டறையில் எண்ணெய்க் கறையோடு நின்ற ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது யானும் முதலில் புலவர் ஒருவரைப் பற்றி எழுதவே எண்ணினேன். அதற்கான குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது நம் தியாகதுருகத்துக் கடைத்தெருதான்.

மலைக்கோட்டையைப் பார்த்தவாறு அமைந்த ஒரு சிறு மிதிவண்டிக் கடை. என் மகளின் மிதிவண்டியில் பின் சக்கரத்துப் பல்வட்டு சிக்கிக்கொண்டது. கடைக்காரப் பெரியவர் அதைக் கழற்ற எடுத்த கருவி எந்தக் கடையிலும் விற்பதன்று. பழைய லாரிப் பட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, உலையில் காய்ச்சித் தட்டி, முனையில் இரண்டு பல் வைத்து, அரத்தால் அராவி அவரே செய்துகொண்டது. கைப்பிடிக்கு ஒரு மூங்கில் துண்டு. முப்பது ஆண்டுகளாக அதுதான் தம்மிடம் இருக்கிறது என்றும், தம் தந்தையார் இளமையில் கோவைப் பக்கம் பேருந்துகளில் கிளீனராக இருந்தபோது கற்றுவந்த வித்தை அது என்றும், அங்கே நாயுடு என்றொரு முதலாளி எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாராம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரு நாணம். முனைவர் பட்டம் பெற்ற யான் அந்த நாயுடுவைப் பற்றி அறிந்திருந்தது பள்ளிப் பாடநூலின் ஒரு பக்க அளவே. அந்தக் குறையைப் போக்கிக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

பள்ளிக்கு ஒவ்வாத பிள்ளை

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் கோபால்சாமி நாயுடுவின் மகனாகப் பிறந்தவர் துரைசாமி. தந்தையார் பெயரின் முதலெழுத்தும் தம் பெயரின் முதலெழுத்தும் ஆங்கிலத்தில் சேர்ந்து ஜி.டி. ஆயின. வேளாண் குடும்பம். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பள்ளியில் சேர்த்தார்கள், பள்ளி அவரைப் பிடித்து வைக்க இயலவில்லை. ஆசிரியர் கண்ணில் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடினார் என்றொரு கதை கோவை வட்டாரத்தில் இன்றும் வழங்குகிறது. இத்தகைய கதைகளைச் சொல்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் நிற்கின்ற எனக்கு அந்தச் சிரிப்பில் முழுமையாகக் கலந்துகொள்ள முடிவதில்லை. மண் பட்ட கண் எங்கள் இனத்தாருடையது. ஆயினும் அந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுத்திருந்தால் அவன் கை மண்ணை நாடியிராது என்ற வினாவும் உடன் எழுகின்றது.

மூன்றாம் வகுப்போடு அவருடைய பள்ளிக் கல்வி முடிந்தது என்பர். குடும்பத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்டார். அங்கே தனிமையில் தமிழ் நூல்களைத் தாமே எழுத்துக்கூட்டிப் படித்துத் தேர்ந்தார். பள்ளியில் வெறுத்த படிப்பைத் தோட்டத்தில் விரும்பினார் என்பது நம்மைப் போன்றோர் நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

ஒரு மோட்டார் சைக்கிளின் வரலாறு

அவர் வாழ்வின் திருப்பம் ஒரு வண்டியால் நேர்ந்தது. அக்காலத்தில் வருவாய்த்துறை ஆங்கில அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் கலங்கல் பக்கம் வந்தார். குதிரையும் இல்லாமல், மாடும் இல்லாமல், மிதிப்பாரும் இல்லாமல் ஓடிய அவ்வண்டி ஊர் எல்லையில் நின்றுபோயிற்று. அதிகாரி கந்தல் துணியும் மண்ணெண்ணெயும் கேட்க, இளைஞர் துரைசாமி ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தார். அதிகாரி பாகங்களைக் கழற்றித் துடைத்துப் பூட்டியதை அருகிலிருந்து இமைக்காமல் பார்த்தார். வண்டி மீண்டும் உயிர்பெற்றுப் புழுதி கிளப்பிப் போயிற்று. பார்த்தவர் மனத்தில் அது போகவில்லை.

இதற்குப்பின் அவர் செய்ததுதான் வியப்பு. கோவைக்குப் போய் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். நிலபுலன் உள்ள குடும்பத்துப் பிள்ளை எச்சில் இலை எடுப்பதா என்று ஊர் பேசியிருக்கும். அவர் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ மூன்றாண்டுகள் கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். பின்னர் அந்த அதிகாரியைத் தேடிச் சென்று அதே மோட்டார் சைக்கிளைச் சில நூறு ரூபாய்க்கு விலைபேசி வாங்கினார். வாங்கியவுடன் அதில் ஏறி ஊரைச் சுற்றிவந்தாரா? இல்லை. அக்கக்காகக் கழற்றினார்.

இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். ஓர் எந்திரத்தைக் கழற்றுவது அழிப்பது போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு வகை வாசிப்பு. திருகை எந்தப் பக்கம் சுழற்றினால் தளர்கிறது, எந்தத் தகடு எதன்மேல் அமர்ந்திருந்தது, பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலக்கும் கலத்தின் துளை எவ்வளவு நுண்ணியது, நெருப்புப் பொறி எங்கிருந்து வருகிறது என்பவற்றையெல்லாம் கை முதலில் அறிகிறது. அறிவு பின்னால் வந்து சேர்கிறது. கழற்றிய வரிசையில் பாகங்களைத் துணியில் பரப்பி வைத்து, தலைகீழ் வரிசையில் மீண்டும் பூட்ட வேண்டும். ஒரு வளையம் இடம் மாறினாலும் எந்திரம் பேசாது. யாப்பறிந்த கவிஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வெண்பாவைச் சீர் சீராகப் பிரித்து அலகிட்டுப் பார்த்தவர்களே அடுத்த வெண்பாவைத் தளை தட்டாமல் எழுதினார்கள். கையேடும் ஆசானும் இன்றி நாயுடு செய்த அலகிடுதல் அது. பூட்டி முடித்து வண்டி ஓடியபோது அவர் ஒரு மெக்கானிக் ஆகியிருந்தார்.

அடுத்துத் திருப்பூரில் பருத்தி வணிகம். முதல் உலகப் போர்க் காலத்தில் பெரும்பொருள் ஈட்டினார். அந்தத் துணிவில் பம்பாய்க்குச் சென்று பருத்திச் சந்தையில் இறங்கி, ஈட்டியதை இழந்து திரும்பினார். இப்பகுதியை அவர் வரலாற்றை எழுதுவோர் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றனர். யானும் கடக்கிறேன்.

பேருந்துகளின் அதிபர்

வெறுங்கையோடு திரும்பியவருக்குத் துணைநின்றவர் சர் இராபர்ட் ஸ்டேன்ஸ். காப்பித் தொழிலாலும் ஆலைகளாலும் கோவையின் தொழில் வாழ்வுக்கு அடித்தளமிட்ட ஆங்கிலேயர். 1862இல் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரால் கோவையில் விளங்குகின்றது. அவருடைய உதவியால் 1920ஆம் ஆண்டு நாயுடு ஒரு பேருந்து வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். ஓட்டுநரும் அவரே, பழுதுபார்ப்பவரும் அவரே. பழனிக்குப் போகும் அடியார்கள் மாட்டுவண்டியில் பகலிரவாகச் சென்ற வழி அது.

ஒரு பேருந்து பலவாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற அவர் நிறுவனம், யு.எம்.எஸ். என்னும் மூன்றெழுத்தில் கொங்கு நாடெங்கும் அறியப்பட்டது. 1933ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 280 பேருந்துகள் அதில் ஓடின. நேரந்தவறாமைக்கு அந்நிறுவனம் பெயர்பெற்றது. வண்டிகள் பெருகப் பெருகப் பட்டறையும் பெருகிற்று. ஐரோப்பாவிலிருந்து வரவேண்டிய உதிரி உறுப்புக்காகக் கப்பலை எதிர்பார்த்து வண்டியை நிறுத்தி வைப்பதை அவர் ஏற்கவில்லை. கெட்ட உறுப்பைச் சீர்செய்ய ஒரு கருவி வேண்டுமானால், கருவியைச் செய். அக்கருவியைச் செய்ய இன்னொரு கருவி வேண்டுமானால், முதலில் அதைச் செய். இதுவே அப்பட்டறையின் நடைமுறை. ஓடும் எந்திரத்தின் அதிர்வைச் சோதித்தறியும் கருவியும் அவ்வகையில் அங்கே உருவாயிற்று. பொருளை விலைக்கு வாங்குவோர் பலர். அதற்கு முந்திய கருவியிலிருந்து தொடங்குவோர் மிகச் சிலர். நம் கடைத்தெருப் பெரியவரின் இரண்டு பல் கருவி எந்த மரபில் வந்தது என்பது எனக்கு அப்போது விளங்கிற்று.

தமிழாசிரியை என்ற முறையில் ஒரு சிறு விலகல். உளி, அரம், குறடு, சுத்தியல், துருத்தி, உலை, வாய்ச்சி, இழைப்புளி எனக் கருவிச் சொற்களில் நம் மொழி வளமுடையது. மேல்நாட்டுத் திருகு வந்தபோது, திருப்புகின்ற உளி என்று கண்டு, திருப்புளி என்று பெயரிட்டனர். எந்தக் கலைச்சொல்லாக்கக் குழுவும் கூடியதாகத் தெரியவில்லை. பட்டறையில் பிறந்த சொல் அகராதியில் ஏறியது. சங்கப் பாடல்களில் கொல்லன் உலையும் துருத்தியும் உவமைகளாக வருவதை ஆண்டுதோறும் பாடம் சொல்கிறோம். நம் இற்றைநாள் கவிதைகளில் ஒரு திருப்புளியைத் தேடிப் பார்த்தால் அரிதாகவே கிடைக்கும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதி மரச்சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். அச்சிற்பிகளின் பெட்டியில் உள்ள உளிகளுக்கு எத்தனை பெயர்கள் என்று நம்மில் எவரும் போய்க் கேட்டு எழுதிவைக்கவில்லை. குற்றம் சொல்வோரில் என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

கம்பிச் சுருளும் கிணற்று நீரும்

1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் வந்தது. ஆலைகள் பெருகின. கிணறுகளிலும் அதைப் பயன்படுத்தலாம் என்ற ஆசை உழவர்க்கு எழுந்தது. கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை; கவலை பூட்டி இறைக்கும் மாடுகள் முன்னும் பின்னும் நடந்து நடந்து ஓய்ந்தன. மின்சாரம் இருந்தது, மோட்டார் இல்லை. வெளிநாட்டு மோட்டாரின் விலை சிறு உழவரால் எட்ட முடியாதது.

பாலசுந்தரம் நாயுடு என்னும் இளம் தொழில் வல்லுநரோடு சேர்ந்து ஜி.டி.நாயுடு இதில் இறங்கினார். இந்தியாவில் முழுவதும் உள்நாட்டிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் 1937இல் அவர்கள் முயற்சியால் வெளிவந்தது. பீளமேட்டில் அதற்கெனத் தொழிற்சாலையும் அமைந்தது. பாலசுந்தரம் பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கிக் கோவையின் தொழில் வரலாற்றில் தனியிடம் பெற்றார்.

மோட்டாரின் அமைப்பு பார்வைக்கு எளியது. வெளியே அசையாத இரும்பு வளையம். அதன் பள்ளங்களில் அரக்குப் பூசிய செப்புக் கம்பிச் சுருள்கள். உள்ளே சுழலும் உருளை. மின்சாரம் சுருள்களில் பாயும்போது உண்டாகும் காந்தப்புலம் சுற்றிச் சுற்றி வர, உள்ளிருக்கும் உருளை அதைத் துரத்திக்கொண்டே சுழல்கிறது. ஒருபோதும் எட்டிப் பிடிப்பதில்லை. பிடித்துவிட்டால் இழுக்கும் விசை அற்றுப்போகும். இதை எனக்கு விளக்கியவர் நம்மூரில் காயில் கட்டும் கடைக்காரர் ஒருவர். காதலுக்கு உவமையாகச் சொல்லத் தக்கது என்று கவிஞர்கள் குறித்துக்கொள்ளலாம். எளிய அமைப்பே எனினும், இரும்புத் தகடுகளை மெல்லியதாக வெட்டி அடுக்குவதும், கம்பிச் சுற்றின் எண்ணிக்கை பிசகாமல் சுற்றுவதும், காற்றிடைவெளி நூலிழையாக அமைவதும் கைத்திறன். அன்று கோவையில் இவற்றுக்கான பொறிகள் எங்கே இருந்தன? அவற்றையும் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

கோமுகி, மணிமுத்தா ஆற்றுப் பாசனம் எட்டாத நம் பகுதி ஊர்களில் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் கிணற்றை நம்பியே விளைகின்றன. பம்புசெட்டு வாங்கப் போகும் நம்மூர் உழவர் இன்றும் கோயம்புத்தூர் மோட்டாரா என்று கேட்டுத்தான் விலை பேசுகிறார். அந்தக் கேள்விக்குப் பின்னால் 1937 இருக்கிறது.

பயணங்களும் படைப்புகளும்

நாயுடு உலகம் சுற்றியவர். போன இடமெல்லாம் ஒளிப்படக் கருவியும் திரைப்படக் கருவியும் கூடவே சென்றன. 1936இல் இங்கிலாந்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கையாலேயே படமாக்கினார். காந்தியடிகள், நேரு, சுபாசு சந்திரபோசு போன்றோரும் அவர் கருவிக்குள் பதிவாயினர். ஜெர்மனியின் தொழிற்கூடங்கள் அவரைப் பெரிதும் ஈர்த்தன. ஒரு நாட்டைப் பார்க்கப் போனால் கோபுரங்களைக் காண்போர் உண்டு; அவர் பட்டறைகளைக் கண்டார்.

அந்நாளில் உருவானதுதான் ரசாந்த் என்னும் மின் சவரக்கருவி. உலர் மின்கலங்களால் இயங்கும் ஒரு சிறு மோட்டாரை உள்ளே பொதிந்தது அது. அமெரிக்காவில் ஷிக் என்பவரின் மின் சவரக்கருவி விற்பனைக்கு வந்ததே 1931இல்தான். மூன்றாம் வகுப்புப் படித்த கலங்கல்காரர் அதே துறையில் அந்தப் பத்தாண்டிலேயே போட்டியிட்டார் என்று எண்ணும்போது உவகை பொங்குகின்றது. மிக மெல்லிய சவர அலகு, திரைப்படக் கருவியின் தொலைவைச் சரிசெய்யும் உறுப்பு, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, மோசடி செய்ய இயலாத வாக்குப்பதிவுப் பொறி எனப் பட்டியல் நீள்கின்றது. இவற்றுள் வாக்குப்பதிவுப் பொறியை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தியத் தேர்தலில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் முதன்முதலாகக் கேரளத்துப் பரவூரில் பயன்பட்டது 1982இல். அதற்குள் நாயுடு மறைந்து எட்டாண்டுகள் ஆகியிருந்தன.

மண்ணெண்ணெய் விசிறியும் அவ்வாறே. மின்கம்பி எட்டாத வீட்டுக்கும் காற்று வேண்டும் என்ற நினைவில் பிறந்தது அது. கல்வராயன் மலையூர்களில் மின்விளக்கு எரியத் தொடங்கிய காலத்தை நேரில் கண்ட நம் உறுப்பினர்களுக்கு அதன் அருமை புரியும்.

உழவிலும் அவர் கை வைத்தார். பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகியவற்றில் அவர் செய்த ஆய்வுகளைக் காண சர் சி.வி.இராமனும் சர் விசுவேசுவரய்யாவும் அவர் பண்ணைக்கு வந்தனர். பிற்காலத்தில் சித்த மருத்துவத்திலும் ஈடுபாடு காட்டினார். எல்லாவற்றிலும் அவர் ஒரே அளவு வெற்றி கண்டார் என்று சொல்வது புகழ்மாலை ஆகுமேயன்றி வரலாறு ஆகாது.

கல்லூரியும் கருத்து வேறுபாடும்

1944இல் தம் பேருந்துத் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, ஆய்வு உதவிக்கும் தொழிலாளர் நலத்துக்கும் பொருள் ஒதுக்கினார். 1945இல் அவருடைய நன்கொடையால் கோவையில் ஆர்தர் ஹோப் பல்தொழில் பயிலகமும் பொறியியற் கல்லூரியும் தோன்றின. ஆர்தர் ஹோப் அப்போது சென்னை மாகாண ஆளுநர். கல்லூரி பின்னர் அரசினர் கல்லூரியாகி வேறிடம் பெயர்ந்தது. அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இன்று தடாகம் சாலையில் நடக்கின்றது.

பள்ளியை விட்டு ஓடியவர் முதல்வர் நாற்காலியில் அமர்ந்தார். அமர்ந்தவர், பொறியியல் கற்க நான்காண்டு வேண்டா, இரண்டாண்டு போதும் என்றார். எஞ்சிய காலம் மாணவர் வாழ்வில் வீணாகும் பொழுது என்பது அவர் கருத்து. அரசு அதற்கு இசையவில்லை. அவர் பதவி விலகினார்.

இந்தப் பூசலில் யான் எப்பக்கம்? நெடுநாள் எண்ணிப் பார்த்தேன். இரண்டாண்டில் கழற்றவும் பூட்டவும் கற்பிக்கலாம். அவர் காலத்தில் அவரிடம் பயின்றவர்கள் கற்றும் இருப்பார்கள். ஆனால் நாயுடுவைப் போன்ற வேட்கை எல்லா மாணவரிடத்தும் இருப்பதில்லை. வேட்கையை மூட்டுவதற்கே ஓராண்டு பிடிக்கிறது என்பதை வகுப்பில் நின்றவர் அறிவர். தமக்கு எளிதாக வந்தது யாவர்க்கும் எளிது என்று மேதைகள் கருதிவிடுவது இயல்பு. மறுபுறம், நான்காண்டு பொறியியல் பயின்று பட்டத்தோடு வரும் நம் பிள்ளைகளில் எத்தனைபேர் வீட்டு மின்விசிறியைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள்? பருவத்தேர்வு, அகமதிப்பெண் என்று நாங்கள் அடைத்து வைத்திருக்கும் காலத்தில் கைக்கு வேலை கொடுத்த நேரம் எவ்வளவு? முனைவர் பட்ட ஆய்வுக்கு யானே ஐந்தாண்டு எடுத்துக்கொண்டவள். அதில் நாயுடு வீண் என்று தள்ளியிருக்கும் மாதங்களை என்னால் விரல்விட்டு எண்ண முடியும். ஆகவே நடுவே நிற்கிறேன், அந்நிலை வசதியானதன்று.

அரசோடு அவர் கொண்ட முரண் அத்துடன் நிற்கவில்லை. 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். எளியவர் வீட்டில் வானொலி கேட்காத காலம். 1952இல் இருவர் அமரும் பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை இரண்டாயிரம் ரூபாய். உரிமம் கிடைக்காமையால் காரின் உற்பத்தி நின்றது. வெள்ளையர் ஆட்சியிலும் தடை, விடுதலைக்குப் பின்னும் தடை என்னும் கசப்பு அவருள் சேர்ந்தது. வரிச்சுமையும் உடன் சேர, கோவையில் பொதுமேடை ஒன்றில் தம் பட்டறையில் உருவான பொருள்களை மக்கள் முன்னிலையில் உடைத்து எதிர்ப்பைக் காட்டினார். தந்தை பெரியாரும் அறிஞர் அண்ணாவும் அக்கூட்டத்துக்கு வந்திருந்தனர் என்றும், பொருளை உடைப்பதில் அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றும் சொல்வர்.

இந்நிகழ்ச்சியைப் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. தாம் எழுதிய ஏட்டைத் தாமே எரிக்கும் புலவரைக் கற்பனை செய்து பாருங்கள். ஒவ்வொரு திருகையும் எங்கே இருக்கிறது என்று அறிந்த கை, அதன்மேல் சுத்தியலை ஓங்குகிறது. கழற்றத் தெரிந்தவர் உடைக்கிறார். கழற்றினால் மீண்டும் பூட்டலாம். உடைத்ததைப் பூட்ட இயலாது என்பதை அவரைவிட அறிந்தவர் அம்மேடையில் எவருமில்லை. அது ஆணவம் என்று சிலர் கூறுவர். முதலாளியின் வரிக் கோபம் என்றும் கூறுவர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. பெருஞ்செல்வர் உடைத்ததை வறியவர் ஒருவர் வாங்கிச் சென்றிருந்தால் அவர் வீட்டில் ஒரு பொருள் ஓடிக்கொண்டிருக்கும். எனினும் தம் படைப்பு எவர் கைக்கும் போய்ச் சேராது என்று தெரிந்த படைப்பாளியின் துயரை அந்த ஒலியில் கேட்கிறேன். அச்சேறாத கவிதை நோட்டுகளை வீட்டில் வைத்திருக்கும் நம் உறுப்பினர் சிலருக்கும் அது கேட்கும் என்று நம்புகிறேன்.

உடைத்ததோடு அவர் ஓய்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1967இல், எழுபத்து நான்காம் அகவையில், கடைக்கால் தொடங்கி முடிவு வரை ஒரு வீட்டை எட்டு மணி நேரத்தில் கட்டிக் காட்டினார். காலத்தை வீணாக்குவதன்மேல் அவருக்கிருந்த பகை கடைசி வரை தணியவில்லை.

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் திரட்டிய பொருள்களும் செய்த பொருள்களும் கோவை அவினாசிச் சாலையில் தொழிற்காட்சியாக வைக்கப்பட்டுள்ளன. அதே சாலையில் பீளமேட்டை அடுத்த நிறுத்தத்தைப் பேருந்து நடத்துநர்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றே கூவுகிறார்கள்; கல்லூரி பெயர்ந்து போயும் பெயர் பெயரவில்லை. 2025 அக்டோபரில் அச்சாலையின் மேலே திறக்கப்பட்ட பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டது. ஆளுநரின் பெயர் கீழேயும் பட்டறைக்காரரின் பெயர் மேலேயுமாக இருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர்களை அக்காட்சிக்கு அழைத்துச் சென்றேன். பெரும்பாலோர் வரிசையாக நடந்து, பார்த்து, வெளியே வந்து தேநீர் கேட்டனர். கல்வராயன் மலையடிவாரத்து ஊரிலிருந்து வந்து இளங்கலைத் தமிழ் படித்த ஒரு மாணவன் மட்டும் சவரக்கருவியின் முன் நின்றுவிட்டான். அவன் தந்தையார் முடிதிருத்தும் தொழிலாளர். அதைக் கழற்றிப் பார்க்க விடுவார்களா அம்மா என்று என்னிடம் மெல்லக் கேட்டான். கண்ணாடிக்குள் இருக்கிறதே தம்பி என்றேன். அவன் மறுமொழி சொல்லவில்லை.

ஊர் திரும்பிய மறுவாரம், தந்தையின் கடையில் ஓடாமல் கிடந்த மின்கத்தரியை அவன் சமையற்கத்தி முனையால் திறந்துவிட்டதாகத் தோழர்கள் சொன்னார்கள். உள்ளே ஒரு கம்பி விட்டுப்போயிருந்ததாம். முறுக்கிச் சேர்த்து மூடியபோது ஒரு திருகு மிஞ்சிவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்து என்னிடம் காட்டினான். கத்தரி ஓடியதா என்று கேட்டேன். ஓடுகிறது என்றான்.